உயிரெழுத்த நீ போட்டுக்க

புதுப் போன் வாங்கியிருக்கிறேன். பழையது துணி ஊறிய வாளியில் விழுந்து போய்விட்டது. எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்துவிட்டதாகக் கடைக்காரர் சொன்னார். வெளியே வந்து, ஊரில் இருக்கும் தம்பிக்கு ஒரு சேதி அனுப்பலாம் என்று கைப்பழக்கத்தில் sptya என்று அடித்தேன். அடியில் சிவப்புக் கோடு விழுந்தது. இப்படி ஒரு சொல்லே கிடையாது என்றது போன். வேறு ஏதேதோ ஆங்கிலச் சொற்களை எடுத்து நீட்டியது.

பழைய போன் அப்படிச் செய்யாது. முதல் எழுத்தைத் தட்டினாலே மீதியை அதுவே எழுதி வைக்கும். சாப்பிட்டாயா என்பதை அப்படிச் சுருக்கி எனக்குப் பழக்கியவள் நீ. உனக்குப் பதில் போட்டுப் போட்டு அந்தப் போனும் பழகியிருந்தது.

சிவப்புக் கோடு மட்டும் என்றால் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். ஆனால் அதே வாரத்தில் கம்பெனியில் என்னைக் கூப்பிட்டு ஒரு வேலை கொடுக்கப் பார்த்தார்கள். கம்பெனி வாட்ஸ்அப் குழுக்களில் யாரும் சுருக்கமாகவோ பிழையாகவோ எழுதாமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டுமாம். நான் பி.ஏ. தமிழ் படித்தவள் என்பது யாருக்கோ திடீரென்று நினைவுக்கு வந்திருக்கிறது. அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பதை உனக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்வேன்?

நான் ஓசூருக்கு வந்த முதல் வாரத்தை நீ மறந்திருக்க மாட்டாய். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தவள். கார்களுக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டாகக் கட்டித் தருகிற கம்பெனியில் வேலை. மூக்கண்டப்பள்ளியில் நாலு பெண்கள் சேர்ந்து எடுத்த ஒற்றை அறை. விடிவதற்கு முன் பஸ் வரும் என்றார்கள், எங்கே வரும் என்று யாரும் சொல்லவில்லை. தெருமுனையில் பனியில் விழித்துக்கொண்டு நின்றேன். நீதான் வந்து கேட்டாய்.

"புதுசா? எந்தூரு?"

சொன்னேன்.

"அது எங்க இருக்குது?"

"தெக்க. மதுரைய தாண்டி."

"அவ்ளோ தூரத்துலருந்து வந்து தப்பான முனையில நின்னுகினு இருக்கிறியே. போனக் குடு."

வாங்கி, நீயே உன் எண்ணைப் போட்டு, பஸ் குழுவில் என்னைச் சேர்த்துவிட்டாய். அந்தப் பாதையில் ஏறும் பெண்கள், டிரைவர், கம்பெனியின் போக்குவரத்து அதிகாரி, சில லைன் லீடர்கள் எல்லாம் அதில் இருந்தார்கள். மறுநாள் காலை உன் முதல் சேதி வந்தது: bs bntu tndrga rndi vnga. நான் தலையும் புரியாமல் வாலும் புரியாமல் பார்த்துக்கொண்டு நிற்க, பக்கத்து அறைப் பெண்கள் எல்லாரும் ஓட ஆரம்பித்தார்கள். நானும் ஓடினேன். ஏறிய பிறகுதான் நீ விளக்கினாய். பஸ் பந்து என்றால் கன்னடத்தில் பஸ் வந்துவிட்டது. தொந்தரகா ரண்டி என்றால் தெலுங்கில் சீக்கிரம் வாருங்கள். கடைசியில் இருக்கும் வாங்க, என்னைப் போலத் தமிழ் மட்டும் தெரிந்தவர்களுக்கு. ஒரே வரியில் மூன்று மொழிக்காரர்களையும் எழுப்பிவிட்டாய்.

உன் ஊர் பாகலூருக்கு அந்தப் பக்கம், கர்நாடக எல்லையை ஒட்டி. வீட்டில் தெலுங்கு. படித்த பள்ளியும் தெலுங்கு. உங்கள் ராகிக் காட்டுக்கு வேலைக்கு வருகிறவர்களிடம் கன்னடம். தமிழ் நன்றாகப் பேசுவாய், அதைவிட நன்றாகச் சண்டை போடுவாய். தமிழ் எழுத்து மட்டும் வராது. ஏன் இங்கிலீஷ் எழுத்தில் போடுகிறாய் என்று ஒருநாள் கேட்டேன்.

"தெலுங்குல போட்டா உனக்குத் தெரியாது. தமிழ்ல போட எனக்குத் தெரியாது. இங்கிலீஷ் எழுத்து யாரு வூட்டு சொத்து? ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கலாம்."

"அதுலயும் பாதிய முழுங்கிருதியே. உயிரெழுத்தே இல்லாம எப்படிடீ படிக்க?"

"அது இன்னாது உயிரெழுத்து?"

அ, ஆ, இ என்று சொல்லிக் காட்டினேன். அவை சேர்ந்தால்தான் மற்ற எழுத்துக்கு ஓசை என்றேன். நீ பஸ் கம்பியை ஒரு கையால் பிடித்தபடி, மற்றக் கைக் கட்டைவிரலால் தட்டிக்கொண்டே சொன்னாய்: "அப்ப உயிரெழுத்த நீ போட்டுக்க. நீதான் படிச்ச புள்ளையாச்சே."

பஸ்ஸில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் பதில் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. படிக்கிறவள் மீதியைப் போட்டுக்கொள்வாள் என்ற நம்பிக்கை இல்லாதவர் யாரும் சுருக்கி எழுத மாட்டார். மேலதிகாரிக்கு விடுப்பு கேட்கும்போது ஒவ்வொரு எழுத்தையும் தொட்டுத் தொட்டு எழுதுகிறோம். ஒரு புள்ளி விட்டுப்போனால் விடுப்பும் போய்விடுமோ என்ற பயம். தங்கைக்கு எழுதும்போது அந்தப் பயம் எதற்கு? k என்று ஓர் எழுத்தைத் தட்டினால் போதும், சரி என்று அவளுக்குத் தெரியும்.

அவசரமும் உண்டு. கேட்டில் செக்யூரிட்டி போனை வாங்கிப் பெட்டிக்குள் போடுவதற்கு முன் இறக்கி வைக்க வேண்டியவை எத்தனை! பிள்ளைக்குக் காய்ச்சல் குறைந்ததா, அரிசி ஊறப் போட்டாயா, தண்ணீர் லாரி வந்ததா. ஒயரின் முனை குத்தாமல் இருக்க நம் விரல்களில் சுற்றியிருக்கும் டேப்புக்கு எழுத்துப் பலகையின் ஒரு கட்டமும் தனியாகத் தெரியாது, ஒன்றைத் தொட்டால் இரண்டு விழும். சோம்பலும் உண்டு, இல்லை என்று நான் வாதாட மாட்டேன். எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிறவள் நாலு எழுத்தில் சோம்பல் பட்டால் தமிழ் இடிந்து விழுந்துவிடுமா? அவ்வளவு மெலிந்த மொழியையா நான் மூன்று வருடம் படித்தேன்?

பஸ் கதவு விவகாரத்துக்கு வருகிறேன்.

நம் பஸ்ஸின் பின்கதவுக் கொக்கி உடைந்துவிட்டது. டிரைவர் அண்ணன் இரண்டு முறை சொல்லியும் சரிசெய்து தரவில்லை. கதவு திறந்துகொள்ளாமல் இருக்க நைலான் கயிற்றால் கட்டி வைத்தார்கள். மேம்பாலத்தில் திரும்பும்போது கயிறு இழுபட்டு, கதவுக்கும் பஸ்ஸுக்கும் நடுவே சாலை ஓடுவது தெரியும். உட்கார இடமில்லாத பெண்கள் அங்கேதான் நிற்பார்கள். ஒருநாள் புதிதாக வந்த ஒரு பெண் தூங்கி அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டாள். நீ அவள் பின்னலைப் பிடித்து இழுத்தாய். இறங்கியதும் கேட்டுக்கு வெளியே நின்றபடியே குழுவில் போட்டாய்:

bs dor pootla. kyru kti irku. vlnda yar bthl

பஸ் கதவு பூட்டவில்லை, கயிறு கட்டியிருக்கிறது, விழுந்தால் யார் பதில். சாயங்காலம் போனைத் திரும்ப வாங்கியபோது போக்குவரத்து அதிகாரி பதில் போட்டிருந்தார். "முதலில் ஒழுங்காக எழுதக் கற்றுக்கொண்டு வாருங்கள். பிறகு புகார் சொல்லலாம்." அதன் கீழே லைன் லீடர்களின் சிரிப்பு முகங்கள் வரிசையாக.

மறுநாள் கேன்டீனில் ஒரு லைன் லீடர் உன் சேதியை ஏதோ மந்திரம் போல உரக்கப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தான். நீ தட்டோடு போய் அவன் எதிரே உட்கார்ந்தாய்.

"இன்னொரு தபா படி. இந்தத் தபா, வுழுந்தா யாரு பதிலுன்னு இருக்குதுல்ல, அதுக்கும் சேத்து பதில் சொல்லு."

அவன் எழுந்து போய்விட்டான். உன் முகம் சிவந்திருந்தது, ஆனால் அழவில்லை. நல்ல தமிழில் நான் எழுதித் தரட்டுமா என்று கேட்டேன்.

"எதுக்கு? அவருக்குப் புரியலையா? புரிஞ்சுதான் அத வுட்டுட்டு எழுத்தப் புடிச்சிகினாரு. நீ எழுதினா நாளைக்கு வேற ஒண்ணப் புடிப்பாரு. கதவு இன்னும் கயித்துலதான இருக்குது? நா எழுதினதுதான் போவும்."

அடுத்த நாள் காலை அதே வரியை, ஓர் எழுத்தும் மாற்றாமல் மறுபடி போட்டாய். அதற்கு அடுத்ததாக நான் போட்டேன். ஒற்று எங்கே மிகும், எங்கே மிகாது என்று தேர்வெழுதி வந்தவள், உன் வரியை அப்படியே எடுத்துப் போட்டேன். பிறகு என் அறைத் தோழிகள், அப்புறம் பஸ்ஸில் இருந்த ஒவ்வொருத்தியும். திரை முழுக்க அதே வரி ஓடியது. பத்து நிமிடத்தில் உன்னைக் குழுவிலிருந்து நீக்கினார்கள்.

நீக்கிய செய்தி வந்தபோது பஸ் நம் முனையில் நின்றுகொண்டிருந்தது. நீ ஏறவில்லை. "நீங்க போங்கடீ, எனக்கு மட்டும்தான் சம்பளம் போவும்," என்றாய். யாரும் ஏறவில்லை. உள்ளே இருந்தவர்களும் இறங்கினார்கள். டிரைவர் அண்ணன் எஞ்சினை அணைத்துவிட்டு, "எனக்கும் தெனம் பயமாதாம்மா இருக்குது," என்று டீக்கடைப் பக்கம் போனார். வெயில் ஏறும்வரை நின்றோம். ரோஜாப் பண்ணை வண்டிகளும் மற்றக் கம்பெனி பஸ்களும் எங்களைப் பார்த்துக்கொண்டே போயின. கடைசியில் வேறு பஸ் வந்தது. நம் பஸ்ஸின் பின்கதவில் அன்று மாலையே புதுக் கொக்கி இருந்தது.

அத்தோடு விடுவார்களா? உன்னையும், இரண்டாவதாகப் போட்டவள் என்று என்னையும் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். அந்த அதிகாரி ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் உன் முன்னால் தள்ளினார். செய்தது தவறு, இனிமேல் இப்படி நடக்காது என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்.

நீ தாளைப் பார்த்தாய். அவரைப் பார்த்தாய்.

"எனக்கு எழுத வராதுன்னு நீங்கதான சார் குரூப்புல சொன்னீங்க? இன்னும் கத்துக்கல சார்."

எனக்குச் சிரிப்பு வெடித்துவிடுமோ என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். அவர் தாளை என் பக்கம் திருப்பினார். "உனக்கு வரும்ல? எழுது." எனக்கு வரும்தான். "எனக்கு இவ எழுத்துதான் சார் வரும் இப்ப," என்றேன். தாள் வெள்ளையாகவே திரும்பிப் போனது.

சும்மா விடவில்லை. உன்னை உட்கார்ந்து செய்யும் மேசையிலிருந்து எடுத்து, நாள் முழுக்க நிற்கிற சோதனைப் பலகைக்குப் போட்டார்கள். மாலையில் உன் கால் வீங்கியிருக்கும். பஸ்ஸில் என் மடியில் தூக்கிப் போட்டுக்கொண்டு, "புடிச்சி வுடுடீ, உன் பி.ஏ.வுக்கு ஒரு உபயோகம்," என்பாய். வருத்தப்படுகிறாயா என்று கேட்டதற்கு நீ சொன்ன பதில் ஒரே சொல். "இன்னாத்துக்கு?" குழுவில் உன்னை மறுபடி சேர்த்தவர் டிரைவர் அண்ணன். அந்த அதிகாரியும் அதைப் பார்த்தார். மறுபடி நீக்கவில்லை.

பிறகு உனக்குக் காய்ச்சல் வந்தது. போயிற்று, வந்தது. இரத்தத்தில்தான் கோளாறு என்று பெங்களூர் ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்தார்கள். பார்க்க வரட்டுமா என்று நான் கேட்கும்போதெல்லாம் vrdha என்று போட்டாய், வராதே என்று. வெளியாட்கள் வந்தால் தொற்றிக்கொள்ளும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் சேதிகள் வந்துகொண்டே இருந்தன. ஊசி குத்திய கை வலிக்கிறது என்று பாதிச் சொல். பக்கத்துக் கட்டில் கிழவி இரவெல்லாம் குறட்டை என்று முக்கால் சொல். நாள் போகப் போக எழுத்துகள் குறைந்தன. மீதியை நான் போட்டுக்கொண்டேன்.

ஒருநாள் ஷிப்டு முடிந்து போனை வாங்கினால், உன் எண்ணிலிருந்து தமிழ் எழுத்தில் ஒரு சேதி. "நான் நலமாக இருக்கிறேன். உங்கள் அக்கறைக்கு மிக்க நன்றி. தயவுசெய்து கவலைப்பட வேண்டாம்."

ஒரு பிழை இல்லை. முற்றுப்புள்ளிகூட அதனதன் இடத்தில் இருந்தது. கேட்டுக்கு வெளியே நின்று அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நலமாக இருக்கிறேன் என்ற சேதியைப் பார்த்து அவ்வளவு பயந்தது அதுதான் முதல் தடவை. கம்பெனி பஸ்ஸில் ஏறவில்லை. ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், அத்திப்பள்ளி வழியாகப் பெங்களூருக்குப் போகும் வண்டியில் ஏறினேன்.

முகக்கவசம் மாட்டி, கை கழுவவைத்து, கொஞ்ச நேரம் மட்டும் என்று உள்ளே விட்டார்கள். நீ தலையணையில் சாய்ந்திருந்தாய். மூக்கில் குழாய். போன் உன் நாத்தனார் கையில் இருந்தது.

"யார்றி உன்ன வரச் சொன்னது?" உன் குரல் காற்றுப் போல வந்தது.

"நீதான்."

"நா எங்க சொன்னேன்? நல்லா இருக்கறேன்னுதான போடச் சொன்னேன்."

"உங்கள் அக்கறைக்கு நன்றின்னு வந்துச்சு. நீ என்னைக்குடீ என்னய உங்கள்னு சொல்லிருக்க?"

நீ சிரித்தாய். சிரிப்பு இருமலாகி, நர்ஸ் எட்டிப் பார்த்தாள். உன் நாத்தனார் பாவம், "ஒரு தப்பும் வந்துடக்கூடாதுன்னு திரும்பத் திரும்பப் பாத்துதான் அனுப்பினேன்," என்றார்.

"அதான் அக்கா மாட்டிகினோம்," என்றாய்.

பெரிய வார்த்தை எதுவும் நீ சொல்லவில்லை. யார் யார் வேலையை விட்டார்கள், புது மேற்பார்வையாளன் எப்படி, என் மாதாந்திர வயிற்றுவலி குறைந்ததா என்றெல்லாம் கேட்டாய். கிளம்பும் நேரத்தில் போனைக் கேட்டு வாங்கினாய். நாத்தனார் பிடித்துக்கொள்ள, விரலை மெல்ல மெல்ல நகர்த்திப் பஸ் குழுவில் நீயே அடித்தாய்: irkn. இருக்கேன். நான் படியிறங்குவதற்குள் குழுவில் பதில்கள் கொட்ட ஆரம்பித்துவிட்டன. அத்தனையும் பிழை. அத்தனையும் படித்தாய் என்று உன் வீட்டுக்காரர் பின்னால் சொன்னார்.

அடுத்த வாரம் நீ போய்விட்டாய். பிழையில்லாத அந்தச் சேதியை நம்பி நான் வீட்டுக்குப் போயிருந்தால், உன்னைப் பார்த்திருக்கவே மாட்டேன். இதை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. எழுத்துப் பிழை ஒழுங்கின்மை என்று யாராவது பாடம் எடுத்தால், எனக்கு அந்த மாலைதான் நினைவுக்கு வரும். உன் கையெழுத்தை நான் பார்த்ததே இல்லை. உன் பிழைகளை வைத்துத்தான் உன்னை அடையாளம் கண்டேன்.

கம்பெனி சார்பில் குழுவில் இரங்கல் போட்டார்கள். அழகான தமிழ், எல்லா ஒற்றும் சரி. உன் பெயரில் மட்டும் ஓர் எழுத்து தப்பு. நான் சுட்டிக்காட்டினேன். திருத்திப் போட இரண்டு நாள் ஆனது.

இப்போது அந்தப் புது வேலை விஷயத்துக்கு வருகிறேன். பழைய அதிகாரி மாறிப் போய்விட்டார். வந்திருக்கும் மேடம் கெட்டவர் இல்லை. உட்காரச் சொல்லித்தான் பேசினார்.

"நின்னு செய்ற வேலை இனி வேண்டாம் உங்களுக்கு. இங்க ஆபீஸ்லயே உக்காந்து, குரூப்ல வர்ற மெசேஜ் எல்லாம் பாத்தாப் போதும். தப்பா எழுதறவங்களுக்கு வார்னிங் குடுங்க. திரும்பத் திரும்பப் பண்ணா எடுத்துடுங்க."

என் காலும் இப்போது உன் கால் மாதிரிதான், மாலையில் வீங்கிவிடுகிறது. நாற்காலி மெத்தென்று இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், ஆசையாக இருந்தது.

"தப்பா எழுதுனா யாருக்கு என்ன கஷ்டம் மேடம்?"

"ஒரு டிசிப்ளின் வேணும்ல? சீரியஸா எடுத்துக்க முடியாது இப்படி எழுதினா."

"சரியா எழுத வேண்டிய எடத்துல நான் ஒரு புள்ளி விட மாட்டேன் மேடம். ஒயர் நம்பர எவளாவது மாத்தி எழுதுனா நானே சத்தம் போடுவேன். ஆனா ரோட்டுல தண்ணி நிக்குது, பஸ் சுத்தி வருதுன்னு இருட்டுல நின்னு சொல்ற பிள்ளைட்ட, ஒனக்கு ஒற்று விட்டுப்போச்சுன்னு நான் சொல்லணுமா? அப்படிச் சொன்னா அவ நாளைக்குச் சொல்ல மாட்டா. அடுத்து எதையுமே சொல்ல மாட்டா. அதுக்குத்தான் இந்த வேலையா மேடம்?"

"உங்க நல்லதுக்குத்தான் சொன்னேன்," என்றார் மேடம். தெரியும் என்று சொல்லி எழுந்து வந்து, ஒயர் கட்டும் என் பலகை முன் நின்றுகொண்டேன். குழுவில் யாரும் பிழையாக எழுதக் கூடாது என்ற அறிவிப்பு கேன்டீன் பலகையில் இன்னும் ஒட்டியிருக்கிறது. கண்காணிக்க யாரும் கிடைக்கவில்லை. நம் குழுவில் எல்லாரும் வழக்கம் போலத்தான் எழுதுகிறார்கள். வேண்டுமென்றே இன்னும் இரண்டு எழுத்தை விழுங்குகிறவர்களும் உண்டு, அதில் நானும் ஒருத்தி.

இன்று காலை நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஜார்க்கண்டிலிருந்து சுனிதா என்று ஒரு பெண் புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். குழுவில் இதுவரை ஒரு வார்த்தை போட்டதில்லை. நம் முனையில் எல்லாரும் ஏறி, பஸ் நகரத் தொடங்கியபோது அவளிடமிருந்து முதல் சேதி: gdi rko m a rhi. யாருக்கும் முழுதாகப் புரியவில்லை. எனக்குக் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்த இந்தியில் rko மட்டும் பிடிபட்டது. நிறுத்து.

"அண்ணே, நிறுத்துங்க. ஒரு பிள்ள வருது."

"யாரும் காணமேம்மா. டைம் ஆவுது."

"வருதுண்ணே. நில்லுங்க."

நின்றோம். சந்துக்குள்ளிருந்து ஓடி வந்தாள், ஒரு செருப்பு வாரை இழுத்துப் பிடித்தபடி, பாதி பின்னிய தலையோடு. படியில் கால் வைத்ததும் மூச்சிரைக்க, தனக்குத் தெரிந்த நாலு தமிழ்ச் சொல்லைத் தேடி எடுத்தாள். "சாரி அக்கா. நான் மெசேஜ்... தப்பு எழுதுனேன்."

"அதும் வந்து சேந்துருச்சு, நீயும் வந்து சேந்துட்ட," என்று கையைப் பிடித்துத் தூக்கினேன். "ஏறு."